கமக்காரரின் காலைக் கஞ்சியும் குடல் நலமும்

நிலத்துக்குப் பசளையிடும் காலத்தையும் அளவையும் கமக்காரர் நன்கு அறிவர். கூட்டெருவும் பசுந்தாட் பசளையும் இடப்பட்ட மண்ணில் எண்ணிறந்த நுண்ணங்கிகள் பெருகி, அவற்றை உக்கச் செய்து, பயிருக்கு ஏற்ற உணவாக மாற்றுகின்றன என்பதும் அவர் அறிந்ததே. நுண்ணங்கிகள் மனிதனுடைய பெருங்குடலிலும் கோடானுகோடியாக வாழ்கின்றன. அவற்றுக்கும் உணவு வேண்டும். அவ்வுணவு கமக்காரரின் வயலிலும் தோட்டத்திலுமே விளைகின்றது. ஆயினும் அதனை விளைவிப்பவர் வீட்டிலேயே அது குறைந்து வருதல் கவலைக்குரியதாகும்.

நெல்லைக் குத்தித் தவிட்டுடன் சமைக்கும் வழக்கம் அருகி, ஆலையில் நன்கு தீட்டிய வெள்ளை அரிசியே இன்று பல வீடுகளில் அடுப்பேறுகின்றது. தவிடு கால்நடைத் தீனியாகின்றது. குரக்கனும் பயறும் சந்தைக்குச் செல்ல, சந்தையிலிருந்து பாணும் விசுக்கோத்தும் வீட்டுக்கு வருகின்றன. விடியற்காலையில் வெறுந் தேத்தண்ணீருடன் வயலுக்குச் சென்று, நண்பகல் வரை வெயிலில் நின்று உழைப்பவருக்கு மலச்சிக்கலும் வயிற்றுப் பொருமலும் மூலநோயும் தோன்றுதல் வியப்பன்று. நாற்று நடுகையிலும் வெங்காய அறுவடையிலும் ஈடுபடும் பெண்கள், அண்மையில் மறைவிடம் இன்மையால், நீர் அருந்துவதையே தவிர்ப்பதுண்டு. இவர்களது நிலை இன்னும் இடர் மிக்கது. இத்தொல்லைகளை வெளியிற் கூற நாணி, பேதி மருந்தை அடிக்கடி உட்கொள்வோரும் உளர். நாள்தோறும் ஒரு குவளை நார்ச்சத்துள்ள கஞ்சியை அல்லது பானத்தை முறையாக அருந்திவரின், இத்தகைய தொல்லைகள் பலவற்றை மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்ளலாம்.

கரையும் நார் என்பது யாது?

தாவர உணவில் மனிதனுடைய சிறுகுடலிற் சமிபாடு அடையாத பகுதியே நார் எனப்படும். அது இரு வகைப்படும். தவிடு, கீரைத்தண்டு முதலியவற்றிலுள்ள கரையாத நார் மலத்துக்குப் பருமனைத் தந்து, அது குடலில் விரைந்து செல்ல உதவுகின்றது. கரையும் நார் நீரிற் கரைந்து அல்லது நீரை ஏற்றுக் கூழ்போல் ஆகும். ஊறவைத்த வெந்தயத்தின் வழுவழுப்பும், விளாம்பழச் சதையிலுள்ள பெக்ரின் என்னும் பொருளும், வெங்காயத்திலும் உள்ளியிலும் உள்ள இன்யூலின் வகைப் பொருள்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. கரையும் நார் மலத்தை இளக்குவதோடு, உணவிலுள்ள வெல்லம் குருதியிற் சேரும் வேகத்தையும் தணிக்கின்றது.

உகண்டா நாட்டிற் பல ஆண்டுகள் பணியாற்றிய டெனிஸ் பேர்கிற் என்னும் சத்திரவைத்தியர், நார் மிகுந்த உணவை உண்ட ஆபிரிக்கக் கிராம மக்களிடையே மேல்நாட்டாரைப் பீடித்த குடல் நோய்கள் பல அரிதாகவே காணப்பட்டதைக் கவனித்தார். அவரும் அவருடைய துணைவரும் 1972 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையின் பின்னர், நார் வெறுஞ் சக்கை என்னும் எண்ணம் மருத்துவ உலகில் மாறத் தொடங்கியது. குடலிலுள்ள நற்பயன் தரும் நுண்ணங்கிகளுக்கு உணவாகி அவற்றை வளர்க்கும் பொருள்களுக்கு, 1995 ஆம் ஆண்டில் கிப்சன், ரொபர்புரொயிட் என்னும் இரு விஞ்ஞானிகள் ‘பிறீபயோற்றிக்’ எனப் பெயரிட்டனர். இன்யூலின் அவற்றுள் முதன்மையானது.

குடலில் நிகழ்வது

கரையும் நார் சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைந்ததும், ஆங்குள்ள பற்றீரியாக்கள் அதனை நொதிக்கச் செய்கின்றன. அதன் விளைவாக அசற்றிக்கமிலம், புரப்பியோனிக்கமிலம், பியூற்றிரிக்கமிலம் என்னும் சிறு கொழுப்பமிலங்கள் உண்டாகின்றன. இவற்றுள் பியூற்றிரிக்கமிலம் பெருங்குடலின் உட்சுவர்க் கலங்களுக்கு முதன்மையான எரிபொருளாகும். உட்சுவர் உறுதியாயிருப்பின், தீங்கு தரும் கிருமிகள் உடலினுட் புகுதல் தடைப்படும். அமிலத்தன்மை சற்று மிகுதலால், சில தீய பற்றீரியாக்கள் பெருகுவதும் குறையும். நன்கு உக்கிய எரு இடப்பட்ட மண் நீரைத் தாங்கிப் பயிரைக் காப்பதுபோல, நார் பெற்ற குடலும் தன் தொழிலைச் செவ்வனே ஆற்றுகின்றது.

எவ்வளவு நார் வேண்டும்?

வளர்ந்தோர் ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நாரும், 400 கிராம் மரக்கறியும் பழமும் உட்கொள்ளுதல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. குரக்கன் மா 100 கிராமில் ஏறத்தாழ 11 கிராம் நார் உண்டு. நன்கு தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் 3 கிராம் நாரும் இல்லை. பயறு 50 கிராமில் ஏறத்தாழ 8 கிராம் நார் உண்டு. கீழே கூறப்படும் கஞ்சி ஒரு குவளையில் 2 அல்லது 3 கிராம் நாரே கிடைக்கும். ஆதலின், கஞ்சி ஒன்றே போதுமெனக் கருதலாகாது. அது நாளின் நல்ல தொடக்கமாகும். எஞ்சிய நார் தீட்டாத அரிசிச் சோறு, பயறு வகை, கீரை, மரக்கறி, பழம் ஆகியவற்றிலிருந்து பெறப்படல் வேண்டும்.

வீட்டிற் செய்யத்தக்கவை

1. குரக்கன் வெங்காயக் கஞ்சி: ஒருவருக்கு இரண்டு மேசைக்கரண்டி குரக்கன் மாவை அரைக் கோப்பை தண்ணீரிற் கட்டியின்றிக் கரைக்கவும். ஒன்றரைக் கோப்பை நீரில் நான்கைந்து சின்ன வெங்காயத்தையும் இரண்டு பல் உள்ளியையும் அரிந்து இட்டுக் கொதிக்கவிடவும். பின்னர், கரைத்த மாவை ஊற்றி, இளநெருப்பில் பத்து நிமிடம் துழாவி இறக்கவும். ஆறியபின் சிறிது உப்பும் மோரும் சேர்த்து அருந்தலாம். குரக்கனிலுள்ள நாரிற் பெரும்பகுதி கரையாதது; வெங்காயமும் உள்ளியும் கரையும் நாரைத் தருகின்றன. ஆதலின் இவ்விரண்டும் ஒன்றற்கொன்று துணையாகும். வெங்காயத்தின் இன்யூலின் வகைப் பொருள்கள் கொதிநீரிற் கரைந்து செல்வன. அவித்த நீரைக் கொட்டிவிடின் அவையும் வீணாகும். கஞ்சியாகச் செய்யின் அவை குவளையிலேயே தங்கும்.

2. இலைக்கஞ்சி: மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பு அரிசியைத் தவிடு நீங்காது எடுத்து, ஒரு கைப்பிடிக்கு ஐந்து கோப்பை நீர்விட்டுக் குழைய வேகவைக்கவும். வல்லாரை, முல்லை, முசுட்டை ஆகிய இலைகளுள் கிடைப்பதைக் கழுவி மைய அரைத்து, இயன்றவரை வடிகட்டாது சேர்த்து, ஒரு கொதியில் இறக்கவும். விரும்பின் சிறிது தேங்காய்ப்பால் சேர்க்கலாம். அரைத்த இலையை முற்றாக வடித்துச் சக்கையை எறிந்துவிடின் நாரும் அதனுடன் போகும்.

3. நீராகாரம்: வெந்த சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பகுதி எளிதிற் சமிபாடு அடையாத நிலையை அடைந்து, நாரைப் போலவே பெருங்குடலுக்குச் செல்கின்றது. இரவிற் சோறு ஆறியவுடன் காலந்தாழ்த்தாது சுத்தமான பானையில் இட்டு, கொதித்தாறிய நீர் ஊற்றி மூடிவைத்து, காலையில் மோரும் அரிந்த வெங்காயமும் சேர்த்து உண்ணலாம். மறுநாட் காலைக்கு மேல் அதனை வைத்திருத்தல் ஆகாது. தீய நாற்றமோ நூல்போன்ற வழுவழுப்போ காணப்படின் கொட்டிவிடுதல் வேண்டும்.

4. வெந்தய நீர்: ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை ஒரு கோப்பை நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் நீரை அருந்தி விதையையும் மென்று உண்ணவும். வெந்தயத்தின் எடையில் ஏறத்தாழக் காற்பங்கு அல்லது அதற்கு மேற்பட்டது நாராகும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர் வைத்தியருக்கு அறிவித்த பின்னரே இதனை நாள்தோறும் அருந்துதல் வேண்டும். குருதியில் வெல்லத்தின் அளவு மிகக் குறைந்துவிடக்கூடும். கருவுற்ற தாய்மார் கறிக்கிடும் அளவுக்கு மேல் வெந்தயம் கொள்ளலாகாது.

5. விளாம்பழப் பானம்: கனிந்த விளாம்பழம் ஒன்றின் சதையை இரண்டு கோப்பை நீரிற் பிசைந்து, கோதும் தும்பும் நீக்கி, மிகச் சிறிதளவு பனங்கட்டி சேர்த்து வெயில் வேளையில் அருந்தலாம். கசகசா எனக் கடைகளில் விற்கப்படும் திருநீற்றுப்பச்சை விதை ஒரு தேக்கரண்டியை இதனுடன் சேர்ப்பின் நன்று. அவ்விதை நீரில் முற்றாக ஊறி வீங்கிய பின்னரே சேர்க்கப்படல் வேண்டும். உலர்ந்த விதையை விழுங்கின் அது தொண்டையில் வீங்கி அடைப்பை உண்டாக்கலாம்.

தொடங்கும் முறை

யூரியாவை ஒரே முறையில் மிகையாக இடின் பயிர் கருகும் என்பதை அறியாத கமக்காரர் இலர். நாரைப் பொறுத்தவரையிலும் இதுவே முறை. நார் குறைந்த உணவுக்குப் பழகியவர் திடீரென மிகுதியாக உட்கொள்ளின், பற்றீரியாக்கள் வாயுவைப் பெருக்கி வயிற்றை ஊதச் செய்யும். ஆதலின் முதல் வாரம் அரைக் குவளை அருந்துதல் போதுமானது. இரண்டாம் வாரத்தில் ஒரு குவளையாக்கி, அதன்பின் பயறும் கீரையும் படிப்படியாகக் கூட்டுதல் வேண்டும். குடல் பழகுவதற்குச் சில வாரங்கள் செல்லும். வெங்காயமும் உள்ளியும் சிலருடைய குடலுக்கு எப்போதும் ஒவ்வா. அத்தகையோர் அவற்றைக் குறைத்துக் குரக்கனையும் நீராகாரத்தையும் நாடலாம்.

ஈரமற்ற மண்ணில் இடப்பட்ட பசளை பயன் தராதது போல, நீரின்றி உட்கொள்ளும் நாரும் பயன் தராது. மலத்தை மேலும் இறுகச் செய்தலும் கூடும். வயலுக்குச் செல்லும்போது கொதித்தாறிய நீரை உடன் கொண்டுசென்று, தாகம் எடுக்கும்வரை காத்திராது இடையிடையே அருந்துதல் வேண்டும். கூலியாட்களை அமர்த்தும் கமக்காரர், பெண்களும் தயக்கமின்றிப் பயன்படுத்தத்தக்க மறைவிடம் ஒன்றைத் தோட்டத்தருகே அமைத்துக் கொடுத்தல் பெரும் உதவியாகும். கஞ்சி அருந்திய சிறிது நேரத்தில் குடல் அசைவு பெறுதல் இயல்பு. வேலைக்கு விரையுமுன் அதற்கெனச் சிறிது நேரம் ஒதுக்குக. மலத்தை அடக்குதல் தீய பழக்கமாகும். மாத்திரை உட்கொள்பவர், நார் மிக்க பானத்துக்கும் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணிநேரம் விடுதல் நன்று.

கடைத்தூளும் தோட்டத்து வெங்காயமும்

நீரிற் கலக்கி அருந்தும் நார்த்தூள் வகைகள் மருந்துக்கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றுட் பலவற்றில் உள்ளது சிக்கரி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இன்யூலின் ஆகும். வேறு சில இசப்கோல் விதையின் உமியால் ஆனவை. வைத்தியர் பணித்தவிடத்து அவற்றைக் கொள்ளுதல் தகும். எனினும், யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் கற்பிட்டியிலும் செம்மண்ணிலும் மணலிலும் விளையும் சின்ன வெங்காயம் தருவதும் அதே இனத்தைச் சேர்ந்த பொருளே. அறுவடையிற் சந்தைக்கு ஏற்காத சிறு வெங்காயத்தை ஒதுக்கிவைத்து வீட்டுக்குப் பயன்படுத்தின், தூளுக்குச் செலவிடும் பணம் மிஞ்சும். அவ்வாறே நெல்லை ஆலைக்குக் கொடுக்கும்போது, வீட்டுக்கு வேண்டிய அளவையேனும் அதிகந் தீட்டாது பெற்றுக்கொள்ளலாம். தவிட்டுடன் கூடிய அரிசி விரைவிற் சிக்கு நாற்றம் கொள்ளுமாதலால், இரண்டொரு வாரத்துக்குப் போதுமான அளவே குற்றுவித்தல் நன்று. வேலியோரத்தில் முல்லையும் முசுட்டையும், கிணற்றடியில் வல்லாரையும், மேட்டு நிலத்தின் ஒரு மூலையிற் சில பாத்தி குரக்கனும் இருப்பின், கஞ்சிக்கு வேண்டிய யாவும் வீட்டிலேயே அமையும்.

வைத்தியரை நாட வேண்டிய வேளை

கஞ்சி உணவேயன்றி மருந்தன்று. மலத்துடன் குருதி செல்லுதல், காரணமின்றி உடல் மெலிதல், மலங்கழிக்கும் பழக்கம் மாறிச் சில வாரங்கள் நீடித்தல் ஆகியவற்றுள் ஒன்றேனும் காணப்படின், மூலநோய் எனத் தாமே முடிவுசெய்யாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுதல் இன்றியமையாதது. கடும் வயிற்றுவலியுடன் வாந்தி ஏற்பட்டு மலமும் வாயுவும் அடைபட்டால், கஞ்சியோ பேதி மருந்தோ கொடாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். வட மத்திய மாகாணம் முதலிய உலர் வலயப் பகுதிகளிற் கமக்காரர் பலரைச் சிறுநீரக நோய் பீடித்துள்ளது. அந்நோய் உடையோருக்கு நீர், கீரை, பழம் ஆகியவற்றின் அளவை வைத்தியரே வரையறுத்தல் வேண்டும். இங்குக் கூறப்பட்ட அளவுகள் அவர்களுக்கு உரியன அல்ல.

ஒரு போகத்தில் இட்ட எரு மண்ணை நிலையாக மாற்றிவிடாது. ஆண்டுதோறும் இடப்படும் எருவே மண்ணை வளப்படுத்தும். குடலும் அத்தகையதே. ஒரு நாள் அருந்தி மறுநாள் மறந்துவிடும் கஞ்சியால் விளையும் பயன் சிறிது. விதைப்பு நாளாயினும் அறுவடை நாளாயினும், வயலுக்கு இறங்குமுன் ஒரு குவளைக் கஞ்சியை அருந்தும் வழக்கத்தைக் கமக்காரர் குடும்பத்தார் யாவரும் கைக்கொள்வாராக. நாட்டுக்கு உணவளிப்பவர் தம் விளைவின் நற்பகுதியைத் தமக்கும் தம் மக்களுக்கும் ஒதுக்கிக்கொள்ளுதல் முறையேயாம்.