பல்லக்கு புறப்படுமுன் சிஞ்ச்வடில்

செருப்பை இங்கேயே கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் என் பின்னால் வாருங்கள்! புனேவை ஒட்டிய சிஞ்ச்வடில், மங்களமூர்த்தி வாடா என்ற பழைய மாளிகையின் முற்றத்துக்குள் நுழைந்துவிட்டோம். விடிந்தால் பல்லக்கு மோர்காவ் பிள்ளையாரிடம் புறப்பட்டாக வேண்டும். சுமார் 80 கிலோமீட்டர் வழி!

ஊர்வலத்தில் மினுங்கும் பித்தளையெல்லாம் இப்போது புளிக்கறையோடு தரையில் கிடக்கிறது. சட்டையைக் கழற்றிவிட்டு ஒருவர் தேய்க்கிறார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டுகிறது. "உன் முகத்தையும் சேர்த்துத் தேய், நாளைக்குப் பளபளக்கும்" என்கிறார் பூ கட்டும் பாட்டி. முற்றமே சிரிக்கிறது. சாமந்திக் குவியலைத் தாண்டிக் குதித்து வாருங்கள்.

இந்த வாடா ஒரு காலத்தில் குட்டி ராஜ்யம்போலவே இருந்தது, தெரியுமா? படை கிடையாது, மேலே மராத்திய ஆட்சி இருந்தது. ஆனாலும் இனாம் கிராமங்களின் வரி இங்கே வந்தது. பவனா ஆற்றங்கரையில் சமாதியான கணபதி பக்தர் மோரியா கோசாவியின் வம்சத்தில், ஏழு தலைமுறைக்குப் பிள்ளையாரே பிறக்கிறார் என்று மக்கள் நம்பினார்கள். 'கணபதி பப்பா மோரியா' என்று ஊரே கூவுகிறதே, அந்த மோரியா இவர்தான்!

இங்கே வந்த வெள்ளைக்கார அம்மா மரியா கிரஹாம், 1809இல் தான் கண்ட, அந்த வம்சத்து 'தேவரை'ப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். எளிய திண்ணையில், தாழ்ந்த மரப்பலகையில் ஒரு சிறுவன். மற்ற பிள்ளைகளோடு விளையாட அனுமதியில்லை; சமஸ்கிருதம் தவிர வேறு மொழி பேசக்கூடாதாம். விருந்தாளிகளுக்குத் தன் கையாலேயே பாதாமும் கற்கண்டும் கொடுத்தான், பெருங்காய வாசனையோடு! சாமியாக இருந்த அந்தப் பிள்ளைக்கு ஒரு பம்பரம் கிடைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

இன்று அரசாள்வது பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி. ஆனாலும் அஷ்டவிநாயகர் தலங்களில் மோர்காவ், தேவூர், சித்தடேக் மூன்றையும் நிர்வகிப்பது சிஞ்ச்வட் தேவஸ்தான டிரஸ்ட்தான். சாவிக்கொத்து இன்னும் இந்தப் பக்கமே இருக்கிறது!

ஐயோ, நகருங்கள், தண்டு வருகிறது! பல்லக்கைத் தூக்கிப் பார்க்கிறார்கள். ஒருவர் தோளில் மடித்த துண்டு, இன்னொருவர் தோளில் பழைய தழும்பு. "உயரம் சரியில்லை, குட்டையன் பின்னால் போ!" அதட்டல், சிரிப்பு, மீண்டும் தூக்கல். மராத்திய மாக மாதத்திலும் பாத்ரபத மாதத்திலும், ஆண்டுக்கு இருமுறை நடக்கும் பயணத்துக்காக இந்தத் தோள்கள் பழகியிருக்கின்றன. சதுர்த்தி சமயத்தில் வந்தால், ஊர்வலத்துக்கு முந்தின நாளே வந்துவிடுங்கள். பூ கட்ட ஆள் தேவைப்படும்.