சித்திரம் எழுதும் கை

பிள்ளை நோட்டுப் புஸ்தகத்தின் ஓரத்தில் யானை எழுதினால், “கணக்கைப் போடு” என்று அதட்டாத வீடு நம்மிடையே அரிது. அந்தக் கை பின்னாளில் என்ன சாதிக்கக் கூடும் என்பதற்கு ஓவியர் சங்கரின் வாழ்க்கையே சாட்சி.

தோளில் பிரேதமும் கையில் உருவிய வாளுமாக விக்கிரமாதித்தன் நடந்துவரும் ‘அம்புலிமாமா’ சித்திரத்தை அறியாதார் யார்? அதை எழுதியவர் அவரே. கே. ஸி. சிவசங்கரன் என்பது முழுப் பெயர். 1924-இல் கொங்கு நாட்டுக் காரத்தொழுவில் பிறந்து, சென்னையில் படித்தார். அங்கே அவருடைய சித்திர உபாத்தியாயர், பி. ஏ. படிப்பை நாடாமல் சித்திரக் கலாசாலையில் சேரும்படி புத்தி கூறினார். அவ்வாறே 1941-இல் சேர்ந்தார். தேவி பிரசாத் ராய் சௌதுரி அப்பொழுது அதன் தலைவர். 1946-இல் ‘கலைமகள்’ காரியாலயத்தில் அமர்ந்தார். 1952-இல், ‘அம்புலிமாமா’வை வெளியிட்ட ‘சந்தமாமா’ நிலையத்தை அடைந்தார். பிறகு சுமார் அறுபது வருஷம் அவர் தூரிகை குழந்தைகளுக்கே உழைத்தது. 2020-இல் காலமானார், மறு வருஷம் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பட்டப் படிப்பே கதி என்று அந்த உபாத்தியாயரும் கூறியிருந்தால், நம் குழந்தைகளுக்கு வேதாளம் எந்த உருவில் வந்திருக்குமோ! பரீக்ஷை மார்க்கைப் பார்க்கும் கண்ணால், ஓரத்து யானையையும் சற்றுப் பார்ப்போமாக.