ரத்தத்தில் இரும்பு கூடினால் மறதி நோய் வருமா?

உடலுக்கு எவ்வளவு இரும்புச்சத்து வேணும்னு கணக்குப் பார்ப்பதில் ஹெச்எஃப்இ மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இதில் ‘சி282ஒய்’ என்ற பிழை வந்தால், குடல் தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சும். வட ஐரோப்பியர்களிடம் இது அதிகம். இந்தியர்களிடம் மிக அரிது.

‘யுகே பயோபேங்க்’ தரவுகளை வைத்து 2021-ல் வெளியான ஆய்வில், இந்த இரட்டைப் பிழை உள்ள ஆண்களின் மூளையில் கூடுதல் இரும்பு படிந்திருந்தது. டிமென்ஷியா ஆபத்தும் மற்ற ஆண்களைவிட சுமார் 80 சதவீதம் அதிகம். பெண்களுக்கு மாதவிடாயில் ரத்தம் வெளியேறுவதால் இரும்பு சேர்வது தாமதமாகும். இந்தக் குறைபாட்டுக்குச் சிகிச்சையும் ஏறக்குறைய அதுதான்: அவ்வப்போது ரத்தத்தை எடுத்துவிடுவது.

அப்போ இரும்பு மாத்திரையை நிறுத்திடலாமா? கூடாது. நம்மூரில் பெரிய பிரச்சினை ரத்தசோகைதான். சந்தேகம் இருந்தா ஃபெரிட்டின் டெஸ்ட் எடுத்துப் பாருங்க. டாக்டர் சொன்ன பிறகு முடிவெடுங்க.