வண்டி இரைச்சல் போடுது, வேகம் ஏறலையா? கிளட்ச் பெடலை முதல்ல பாருங்க!

தோவாளை பூச்சந்தைக்கு விடியும் முன்பே வண்டிகள் வந்துவிடும். பிச்சி, மல்லிகை, சம்பங்கி, கிரேந்தி என்று மூட்டை மூட்டையாக இறங்கும் பூக்கள், வெயில் ஏறுவதற்குள் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் போய்ச் சேர வேண்டும். வழியில் வண்டி மக்கர் பண்ணினால் பூவோடு விலையும் வாடிவிடும். பழைய காரை வைத்து ஓட்டுகிறவர்கள் கிளட்சைக் கொஞ்சம் கவனித்தாலே இந்தத் தலைவலியைப் பெருமளவு தவிர்க்கலாம்.

1983-ல் அறிமுகமாகி, 2014-ல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். இதில் கிளட்ச் பெடலையும் கியர் பாக்ஸ் பக்கம் உள்ள லீவரையும் இணைப்பது ஒரு கேபிள்தான். பெடலை அழுத்தும்போது முதல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் லேசாக இறங்கும். அதன் பிறகுதான் கனம் தெரியும். அந்த லேசான இடைவெளியை 'ஃப்ரீ பிளே' என்கிறார்கள். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான்.

இடைவெளி குறைந்தால்...

கிளட்ச் பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறையும். கடைசியில் நீங்கள் காலை எடுத்த பிறகும் கிளட்ச் முழுசாகப் பிடிக்காது. இன்ஜின் இரையும், வேகம் ஏறாது. மேட்டில் ஏறும்போது கருகல் வாசனை வரும். அப்படியே ஓட்டினால் பிளேட் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இடைவெளி கூடினால்...

கேபிள் நீண்டுபோனால் நேர் எதிர். பெடலை முழுசாக மிதித்தாலும் கிளட்ச் விடுபடாது. கியர் 'கரகர' என்று உரசும். முக்கியமாக ரிவர்ஸ் விழ அடம்பிடிக்கும்.

சரிசெய்வது எப்படி?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இன்ஜின் ஆறட்டும். பெடலைக் கையால் அழுத்தி, இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்.

கியர் பாக்ஸ் பக்கம் கேபிள் முனையில் உள்ள நட்டை இறுக்கினால் இடைவெளி குறையும், தளர்த்தினால் கூடும். ஒரேயடியாகத் திருகாமல், அரைச் சுற்று திருகி, மறுபடி அளந்து பாருங்கள். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டியில் இது பொருந்தாது. அதில் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் அளவும் கசிவும்தான்.

எப்போது மெக்கானிக்?

நட்டில் திருக இடமே மிச்சமில்லை, கேபிள் இழை பிரிந்திருக்கிறது, பெடலை மிதித்தால் சத்தம் வருகிறது, சரிசெய்த பிறகும் வேகம் ஏறவில்லை... இதில் ஏதாவது ஒன்று இருந்தால் தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். கேபிளை மட்டும் மாற்றுவதற்கும், கியர் பாக்ஸை இறக்கி கிளட்ச் செட்டையே மாற்றுவதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு.

சந்தை நெரிசலில் கிளட்ச் பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். பிளேட்டின் ஆயுள் கூடும்!