பூட்டு ஒரு மொழியில், கதவு வேறொரு மொழியில்

இணைய வங்கிச் சேவையில் நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தவுடன் அது குறியாக்கம் பெற்று, எவரும் படிக்க இயலாத வடிவில் வங்கியின் சர்வரைச் சென்றடைகிறது. அங்கே அது மீண்டும் பழைய வடிவுக்கு வருகிறது. இப்பணியைச் செய்யும் நிரல், பல இடங்களில், சர்வரின் மற்ற நிரல்கள் எழுதப்பட்ட மொழியில் எழுதப்பட்டதன்று. இரு மொழிகளும் சந்திக்கும் எல்லையைப் பற்றி வாடிக்கையாளர்களும் சிறிது அறிந்திருப்பது நல்லது.

வங்கி போன்ற பெரிய நிறுவனங்களின் சர்வர் நிரல்கள் பெரும்பாலும் ஜாவா, டாட்நெட் ஆகியவற்றில் எழுதப்படுகின்றன. இவற்றில் நினைவகத்தைக் கண்காணிக்க ஒரு காவலர் உண்டு எனலாம். தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி ஒரு நிரல் படிக்க முயன்றால் காவலர் தடுத்துவிடுவார். தேவையற்றுப்போன தரவுகளையும் அவரே அப்புறப்படுத்துவார். சி மொழியில் அத்தகைய காவலர் இல்லை. அங்கே எல்லாம் எழுதுபவரின் கவனத்தைச் சார்ந்தது.

அப்படியிருக்க, குறியாக்கத்தை மட்டும் ஏன் சி மொழியில் எழுதிய நூலகத்திடம் ஒப்படைக்கின்றனர்? முதற்காரணம் வேகம். ஓப்பன் எஸ்எஸ்எல் போன்ற நூலகங்களின் முக்கியப் பகுதிகள் செயலியின் சொந்த ஆணைகளிலேயே எழுதப்பட்டவை. நுட்பமான காரணம் வேறொன்று. காவலர் தன் வசதிக்காகத் தரவுகளை நினைவகத்தில் இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்; பழைய இடத்தில் ஒரு பிரதி அழியாமல் தங்கக்கூடும். சாதாரணத் தரவுக்கு அதனால் கேடில்லை. இரகசியத் திறவுகோலுக்கு அது தகாது. ஜாவாவில் ஒரு சரம் உருவான பின் அதன் எழுத்துகளை மாற்றவோ அழிக்கவோ வழியில்லை என்பதால், கடவுச்சொல்லைச் சரமாக வைக்காமல் அழிக்கத்தக்க எழுத்து வரிசையாக வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. சி நூலகமோ திறவுகோல் இருந்த இடத்தைப் பணி முடிந்தவுடன் பூச்சியங்களால் நிரப்பிவிட முடியும். டாட்நெட் தனக்கென ஒரு குறியாக்கத்தை எழுதிக்கொள்வதே இல்லை; விண்டோஸில் விண்டோஸின் நூலகத்தையும், லினக்ஸில் ஓப்பன் எஸ்எஸ்எல்லையும் அழைத்துக்கொள்கிறது.

ஆனால், எல்லையைக் கடந்த கணமே காவலரின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. ஜாவாவில் நேரும் பிழை பெரும்பாலும் ஒரு கோரிக்கையை மட்டுமே பாதிக்கும். நூலகத்தில் நினைவகப் பிழை நேர்ந்தால் சர்வர் நிரல் முழுவதும் விழுந்துவிடலாம். அப்போது இணைப்பில் இருந்த அனைவரும் துண்டிக்கப்படுவர். நூலகம் எடுத்துக்கொண்ட நினைவகம் காவலரின் கணக்கில் வராது. திருப்பித் தர மறந்தால் சர்வர் நாள்தோறும் சிறிது சிறிதாகத் திணறும்.

இவற்றினும் கடுமையான ஆபத்தை 2014 ஏப்ரல் 7 அன்று உலகம் கண்டது. ஓப்பன் எஸ்எஸ்எல்லின் 2012-இல் வெளிவந்த 1.0.1 பதிப்பில் நுழைந்த ஒரு பிழை அன்று வெளிப்படுத்தப்பட்டது. அதற்கு ஹார்ட்ப்ளீட் எனப் பெயரிட்டனர். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என அறிய, ஒரு கணினி சிறு சொல்லை அனுப்பி, 'இதன் நீளம் இவ்வளவு, இதைத் திருப்பிச் சொல்' எனக் கேட்கும் வழக்கம் உண்டு. நீளத்தைப் பொய்யாகக் கூறினாலும் நூலகம் அதைச் சரிபார்க்கவில்லை. சொல்லை அடுத்து நினைவகத்தில் என்ன இருந்ததோ, அதையும் சேர்த்து ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை அனுப்பிவிட்டது. 64 கிலோபைட் சிறிதென்று எண்ண வேண்டாம். கடவுச்சொல் ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பைட் போதும், கேட்பவர் எத்தனை முறையும் கேட்கலாம். கனடாவின் வருவாய்த் துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் இவ்வழியே திருடப்பட்டன. சர்வரின் தனித்திறவுகோலையே பிரித்தெடுக்க முடியும் என்பதும் சில நாள்களில் மெய்ப்பிக்கப்பட்டது.

ஜாவாவில் எழுதப்பட்ட டாம்கேட் என்னும் சர்வர் மென்பொருளின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. அதைக் குறியாக்கத்துடன் இயக்க இரு வழிகள் இருந்தன. ஜாவாவின் சொந்தக் குறியாக்கத்தைப் பயன்படுத்தியவர்களை ஹார்ட்ப்ளீட் தீண்டவில்லை. வேகம் கருதி, பிழையுள்ள ஓப்பன் எஸ்எஸ்எல் பதிப்பை இணைத்தவர்கள் அதற்கு இலக்காயினர். தாம் எழுதிய ஜாவா நிரலில் குறை ஏதும் இல்லாதபோதும் அவர்களுடைய சர்வர் கசிந்தது.

ஆகவே பொறியாளர்கள் எல்லையின் வாசலைச் சிறிதாக்குகின்றனர். நூலகத்தைப் பல இடங்களிலிருந்து அழைக்காமல் ஒரே இடைநிரல் வழியாக அழைக்கின்றனர். நீளங்களை அங்கேயே சரிபார்க்கின்றனர். ஒவ்வொரு முறை எல்லையைக் கடப்பதற்கும் நேரச் செலவு உண்டு என்பதால், தரவைத் துளித்துளியாக அன்றிப் பெரிய கட்டிகளாக அனுப்புகின்றனர். மிக உயர்ந்த மதிப்புடைய திறவுகோல்களை சர்வரின் நினைவகத்துக்கே கொண்டுவராமல், இதற்கெனச் செய்யப்பட்ட தனிப் பாதுகாப்புக் கருவிக்குள் வைப்பதும் வங்கித் துறையில் நிலைத்த வழக்கம். சர்வர் கேட்கும் கணக்கைக் கருவி உள்ளேயே செய்து விடையை மட்டும் தரும். நினைவகம் கசிந்தாலும் அதில் அந்தத் திறவுகோல் இராது.

நூலகத்தின் திருத்திய பதிப்பு வந்ததும் அதை வட்டில் எழுதிவிட்டால் போதாது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர், தொடக்கத்தில் ஏற்றிக்கொண்ட பழைய பிரதியையே நினைவகத்தில் வைத்திருக்கும். மறுபடி தொடங்கினால்தான் புதியது நடைமுறைக்கு வரும். ஹார்ட்ப்ளீட் போன்ற பிழைக்குப் பின் திறவுகோல்களையும் சான்றிதழ்களையும் மாற்றி, அதன் பின்னரே வாடிக்கையாளர்களிடம் கடவுச்சொல்லை மாற்றும்படி கேட்க வேண்டும். இந்த வரிசை தவறினால் புதிய கடவுச்சொல்லும் பழைய ஓட்டை வழியே போய்விடும். 'பராமரிப்புப் பணிக்காகச் சேவை சிறிது நேரம் நிறுத்தப்படும்' என்று நள்ளிரவை ஒட்டி வரும் குறுஞ்செய்திகளில் சிலவற்றுக்குப் பின்னால் இத்தகைய மறுதொடக்கமும் இருக்கலாம்.