திரையைத் தாங்கும் கோல்

வீட்டுப் பலகணிக்குத் திரைச்சீலை வாங்கச் செல்வோர், துணியின் நிறத்தையும் பூவேலையையும் தேர்ந்தெடுக்க அரைநாள் செலவிடுவர். அத்துணியைத் தாங்கப்போகும் கம்பியையோ புறப்படும் வேளையில், “ஏதேனும் ஒன்று கொடுங்கள்” என்று கேட்டு வாங்கி வருவர். நானும் அவ்வாறு செய்தவனே. நெம்புகோல் விதியைப் பல்லாண்டுகள் கரும்பலகையில் எழுதிக் காட்டிய நான், என் வீட்டுச் சுவரில் அதனைக் காண மறந்தேன்.

இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் பெருவழியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்தது எங்கள் சேத்தூர். ஆனி, ஆடித் திங்கள்களில் மலைப்பக்கமிருந்து காற்று விரைந்து வீசும். பலகணியைத் திறந்தால் திரைச்சீலை கப்பற்பாய் போலப் புடைத்து எழும். அத்தகைய ஒரு நாளில், என் மூன்று வயதுப் பேரன் புடைத்தெழுந்த சீலையைப் பற்றிக்கொண்டு ஊஞ்சலாட முயன்றான். கம்பியும் தாங்கிகளும் சுவர்ப்பூச்சோடு பெயர்ந்து விழுந்தன. கம்பியின் முனை அவன் தலைக்கு ஒரு சாண் தொலைவில் தரையைத் தாக்கியது. குழந்தைக்குக் காயம் இல்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் இல்லை. மறுநாட் காலை அளவுகோலும் தாளுமாக அமர்ந்து, நேர்ந்ததன் காரணத்தை ஆராயத் தொடங்கினேன்.

முதற் காரணம் சுவரில் இருந்தது. கம்பியின் இரு முனைகளையும் தாங்கும் பிராக்கெட்டு, சுவரிலிருந்து 10 செ.மீ. நீண்டிருந்தது. அதனைப் பிணித்த மேல் திருகாணிக்கும் கீழ்த் திருகாணிக்கும் இடையே இருந்த தொலைவு 5 செ.மீ. மட்டுமே. கீழ்த் திருகாணியைச் சுழல்மையமாகக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்: முனையில் தொங்கும் எடையைப்போல் இருமடங்கு விசை, மேல் திருகாணியைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும். 14 கிலோ எடையுள்ள குழந்தை நடுவில் தொங்கினால், ஒவ்வொரு தாங்கியின் பங்கும் 7 கிலோ. மேல் திருகாணி ஏற்கும் இழுவையோ 14 கிலோ எடைக்கு நிகர். ஊஞ்சலாடினால் அஃது இன்னும் மிகும். என் திருகாணிகளோ வெறும் பூச்சினுள் நின்றவை!

ஆதலின், திருகாணி பூச்சைக் கடந்து செங்கல்லினுள் 3 அல்லது 4 செ.மீ. அளவேனும் புகுதல் வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவராயின், கற்களின் இடைச்சாந்தில் துளையிடாது கல்லிலேயே துளையிடுக. துளையினுள் செருகும் பிளக்கு, திருகாணி ஏற ஏற விரிந்து கல்லை இறுகப் பற்றிக்கொள்ளும். இம்முறையை இங்கிலாந்தில் ராலிங்ஸ் என்பார் 1910-களில் பரப்பினார். கம்பியின் பின்புறம் சீலை தடையின்றி நகர எவ்வளவு இடைவெளி தேவையோ, அவ்வளவு நீளமே பிராக்கெட்டுக்குப் போதும். நீளம் குறையின் நெம்பும் விசையும் குறையும்.

இரண்டாவது காரணம் கம்பியின் நீளம். விழுவதற்கு முன்னரே அது நடுவில் தொய்ந்திருந்தது. ஒரே வகைக் கம்பியில் ஒரே வகைத் துணியைச் சீராகத் தொங்கவிட்டுத் தாங்கிகளின் இடைத்தொலைவை இருமடங்காக்கினால், தொய்வு இருமடங்கு ஆவதன்று, 16 மடங்காகிறது! ஆகவே, ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்ட பலகணிக்கு நடுவிலும் ஒரு தாங்கி வேண்டும். உள்ளீடற்ற குழாயைக் கண்டு, “இது வலுவற்றது” என ஒதுக்காதீர்கள். ஒரே எடையுள்ள இரும்பில், மெல்லிய திண்கம்பியைவிடப் பருத்த குழாயே குறைவாக வளையும். மூங்கிலும் பறவையின் எலும்பும் இவ்வுண்மைக்குச் சான்றுகள். 1638-இல் வெளிவந்த தம் நூலில் கலிலியோ இதனை ஆராய்ந்துள்ளார்.

நடுவில் தாங்கி வைத்தால் வேறொரு சிக்கல் எழும்: திரையின் வளையங்கள் அதனைக் கடந்து செல்லமாட்டா. இதற்கு விடை காண நம் சிலப்பதிகாரத்தை நினைவுகூரலாம். அரங்கேற்று காதையில் ஆடரங்கின் திரைகளாக இளங்கோவடிகள் மூவகை எழினிகளைக் கூறுகிறார். ஒருபுறமிருந்து இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இருபுறமிருந்தும் வந்து நடுவில் பொருந்துவது பொருமுக எழினி. மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. இன்றைய வீட்டுத் திரைகளும் இம்மூன்றனுள் அடங்குவனவே.

பொருமுகமாக இரண்டு சீலைகள் இட்டால், நடுத் தாங்கி இடையூறு ஆகாது. ஒவ்வொன்றும் தன் பாதியிலேயே ஓடும். நீண்ட பலகணிக்கு ஒருமுகமாக ஒரே சீலை வேண்டுமாயின், ‘டிராக்’ எனக் கடைக்காரர் கூறும் அலுமினியத் தடமே ஏற்றது. அதனைப் பல இடங்களில் திருகாணியிட்டுப் பிணிக்கலாம். சிறு சக்கரங்கள் அடிப்புறக் காடியில் ஓடுவதால் தாங்கிகள் தடுக்கா. வளைந்த பலகணிக்கும் தடமே பொருந்தும். ஆயினும் காடியில் தூசு படியும். அடிக்கடி துடைத்தல் வேண்டும். சீலையை எளிதிற் கழற்றித் துவைக்க விரும்புவோர்க்குக் கம்பியே நலம். சுருள்வில் கம்பியை எத்துணை இழுத்துக் கட்டினும் சிறிதேனும் தொய்யும். ஆதலின் அது வாயிலின் மெல்லிய அரைத்திரைக்கு மட்டுமே உரியது.

மேலிருந்து இறங்கும் திரையை வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. அதனை ஏற்றி இறக்கும் கயிறு வளையமாகத் தொங்கினால், தவழும் குழந்தையின் கழுத்தில் சிக்கி உயிருக்கே ஊறு செய்யும். கயிற்றைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கொக்கியிட்டுச் சுற்றி வைத்தல் வேண்டும். கயிறில்லாத வகை கிடைப்பின் அதுவே சிறந்தது.

அளவு பற்றியும் ஒரு சொல். கம்பி, பலகணியின் இருபுறமும் 15 முதல் 20 செ.மீ. வரை நீண்டிருக்கட்டும். அப்போதுதான் விலக்கிய சீலை சுவரின்மேல் ஒதுங்கி, வெளிச்சத்திற்கு வழிவிடும். மடிப்பு அழகுற விழத் துணியின் அகலம் கம்பியின் நீளத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு வேண்டும். அதற்கேற்ப எடையும் கூடும் என்பதை மறவற்க. எனவே முதலில் சுவரைப் பாருங்கள். அடுத்துக் கம்பியைத் தேருங்கள். துணி கடைசியில் வரட்டும்.

என் வீட்டில் இப்போது நடுத் தாங்கியுடன் கூடிய குழாய், செங்கல்லைப் பற்றிய திருகாணிகளில் நிற்கிறது. சீலையை ஏற்றுமுன் அதனை இரு கைகளாலும் பற்றி வலிந்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஆனால் திரையில் தொங்கலாகாது என்று பேரனுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் வகுப்பில் கற்கும் விதிகள் தேர்வுத்தாளோடு முடிவன அல்ல, நண்பர்களே! அவை நம் வீட்டுச் சுவரிலும் ஓயாது இயங்கிக்கொண்டிருக்கின்றன. நாம் மறந்தாலும் அவை மறப்பதில்லை.