இமையில் வண்ணப்பொடி நிற்கவில்லையா? அடிப்பூச்சைக் கவனியுங்கள்!

பெங்களூர் மர்பி டவுனில் கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, அல்சூர் சோமேசுவரர் கோவில் பல்லக்கு உற்சவம் என்று வந்துவிட்டால், பெண்களின் கண் இமைகளிலும் வண்ணம் ஏறிவிடுகிறது. சிறு டப்பியில் வரும் உதிரிப் பொடி 'ஐ-ஷேடோ'வைப் பூசும்போது தங்கமாக மின்னுகிறது. முகூர்த்தம் முடிவதற்குள் பாதி கன்னத்தில் உதிர்ந்து விடுகிறது. மீதி, இமை மடிப்பில் கோடாகத் திரண்டு நிற்கிறது.

பொடி மட்டமானது என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குறை பொடியில் இல்லை; அதற்கு அடியில் பூசியதில் இருக்கிறது.

வில்லையாக வரும் ஐ-ஷேடோவில் பொடியைப் பிடித்து வைக்கும் பசைப்பொருள் சேர்த்து அழுத்தியிருப்பார்கள். உதிரிப் பொடியில் அது இல்லை, அல்லது மிகக் குறைவு. மின்னுவது அபிரகத் துகள். வழுவழுப்பான அந்தத் துகள் தோலில் தானாக ஒட்டாது.

கூத்துக்காரர் வழி

இந்தச் சங்கதி கூத்துக்காரர்களுக்கு எப்போதோ தெரியும். 1809-ல் பெங்களூரில் கண்டோன்மென்ட் ஏற்பட்ட பிறகு இங்கே குடியேறிய தமிழர்களில் பலர் வட ஆர்க்காட்டுக்காரர்கள். தெருக்கூத்து செழித்த சீமை அது. அங்கே வண்ணப்பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத்தான் வேஷம் போடுவார்கள். கதகளியிலும் அப்படியே.

ஆனால் அது முகம் முழுக்கத் தடிப்பாகப் போடும் பூச்சு. கல்யாண வீட்டுப் பெண்ணுக்கு அது சரிவராது. எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவிய இமை, கண் சிமிட்டச் சிமிட்ட வழுக்கும். பொடி முழுவதும் மடிப்பில் போய்ச் சேரும்.

எதைப் பூசலாம்?

கண் இமைக்கென்றே 'பிரைமர்' விற்கிறது. அதிலுள்ள சிலிகான் மெல்லிய படலமாகப் படிந்து, இமையின் எண்ணெய்ப் பசை மேலே வராமல் தடுக்கும். பணம் செலவழிக்க மனமில்லாதவர்கள், தோல் நிறத்துக்கு ஏற்ற 'கன்சீலரை' மெல்லப் பூசினாலும் போதும். ஓர் இமைக்குத் துவரம்பருப்பில் பாதி அளவுதான். அதிகம் பூசினால் கட்டாயம் மடிப்பு விழும்!

மின்னும் பொடிக்குச் சற்றுப் பிசுபிசுப்பான 'கிரீம் ஐ-ஷேடோ' நல்ல அடித்தளம். மின்னாத பொடிக்கு அது ஆகாது. திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அதற்கு உலர்ந்த பூச்சே வேண்டும்.

நிறத்தையும் பாருங்கள். மாநிற இமையில் வெள்ளை அடிப்பூச்சு போட்டால் ஓரமெல்லாம் சாம்பல் பூத்தது போலாகும். பழுப்பு நிறத்தைப் போட்டுப் பொன்னிறப் பொடியை வைத்துப் பாருங்கள். அதன் அழகே தனி.

தூரிகையால் இழுக்காமல், விரல் நுனியால் பொடியை ஒற்றி அழுத்த வேண்டும். கண்ணை முடித்துவிட்டு முகத்துக்கு வந்தால், உதிர்ந்ததைத் துடைத்துக் கொள்ளலாம். மார்கழிக் குளிரில் வறண்ட இமைக்கு முதலில் துளி கிரீம் தடவி, பத்து நிமிடம் கழித்து ஒற்றி எடுத்துவிட்டு அடிப்பூச்சு போடுங்கள்.

கண்ணாயிற்றே!

மேடை ஒப்பனைக்கே 'அரிதாரம்' என்று பெயர் வந்தது ஒரு மஞ்சள் தாதுவால். அது ஆர்சனிக் கலந்த நஞ்சு. பழைய சுர்மாக்களில் ஈயம் உண்டு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். நிறத்துக்காக ஈயமோ ஆர்சனிக்கோ சேர்த்து அழகுப் பொருள் தயாரிக்க இந்தியச் சட்டம் தடை விதித்திருக்கிறது. அப்படியிருந்தும், பிள்ளைகளின் நடனத்துக்கு ரங்கோலிப் பொடியையும், கைவேலைக்கு விற்கும் ஜிகினாத் தூளையும் இமையில் அப்புகிறவர்கள் உண்டு. ஜிகினாத் துகள் கருவிழியைக் கீறிவிடும். கண்ணுக்கானது என்று அச்சிட்டு, தயாரிப்பாளர் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள டப்பியையே வாங்குங்கள்.

ஒரே தூரிகையை முப்பது பிள்ளைகளின் கண்ணில் வைப்பதும் கூடாது. ஒரு பிள்ளைக்கு 'மெட்ராஸ் ஐ' இருந்தால் அத்தனை பேருக்கும் வரலாம். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் லென்ஸை மாட்டிய பிறகே ஒப்பனையைத் தொட வேண்டும்.

இரவு படுக்கும்முன் எல்லாவற்றையும் கலைத்துவிட வேண்டும். அதற்குத் தேங்காய் எண்ணெய் நன்றாக உதவும். பஞ்சில் தொட்டு, கண்ணை மூடி, மேலிருந்து கீழாகத் துடைத்து, பிறகு முகம் கழுவுங்கள்.